ஃப்ரீட்ரிஷ் லிஷ்: பழைய பட்டயங்களிலிருந்து ஒரு வட்டாரத்தின் வரலாறு உருவான விதம்

ஜெர்மனியின் வடகிழக்கில் பால்டிக் கடலோரமாக இருக்கும் மெக்லென்பர்க்கின் இடைக்கால வரலாற்றை யார் எழுதினாலும், அடிக்குறிப்புகளில் ஒரு நூல் வரிசை வந்துகொண்டே இருக்கும். அதன் பெயர் 'மெக்லென்பர்க் பட்டயத் தொகுதி'. மொத்தம் 25 பாகங்கள். 786-ஆம் ஆண்டில் தொடங்கி 1400 வரையிலான பட்டயங்கள் அதில் கால வரிசையில் அச்சாகியிருக்கின்றன. முதல் பாகம் 1863-இல் வெளிவந்தது. அந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் கேயோர்க் கிறிஸ்டியான் ஃப்ரீட்ரிஷ் லிஷ் (1801–1883) என்னும் ஆவணக் காப்பாளர். ஆவணக் காப்பாளர் என்றால் என்ன வேலை, வட்டார வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு இவருடைய பணிவாழ்க்கை நல்ல பாடம். அவர் சரியாகச் செய்தவற்றைப் போலவே தவறாகச் செய்தவையும் கற்றுக்கொடுக்கின்றன.

அப்போது மெக்லென்பர்க் இரண்டு நாடுகளாகப் பிரிந்திருந்தது. 1701-இல் ஏற்பட்ட பிரிவினையின்படி ஒன்று மெக்லென்பர்க்-ஷ்வெரின், மற்றது மெக்லென்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ். லிஷ் பிறந்தது ஸ்ட்ரெலிட்ஸில். வேலை பார்த்ததெல்லாம் ஷ்வெரினில். ரோஸ்டாக்கிலும் பெர்லினிலும் இறையியல் படித்தார். 1827-இல் ஷ்வெரின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். 1834-இல் நாட்டை ஆண்ட கிராண்ட் டியூக்கின் ஆவணக் காப்பகத்துக்கு மாறினார். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் அவருடைய இடம். 1835-இல் மெக்லென்பர்க் வரலாறு, தொல்பொருள் சங்கத்தைத் தொடங்கினார். 1836 முதல் அதன் ஆண்டு மலர் வரத் தொடங்கியது. ஆவணம் பாதுகாப்பவர், இதழாசிரியர், அகழாய்வாளர், பழைய கட்டடங்களைக் காப்பவர் என்ற எல்லாப் பொறுப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது. அந்தக் காலத்துச் சிறிய ஜெர்மானிய நாடுகளில் இது அரிதான ஏற்பாடல்ல. ரைன் பக்கம் டுஸ்ஸல்டார்ஃபில் தேயோடோர் லக்கோம்ப்ளே என்பவர் ஏறக்குறைய இதே வேலையைச் செய்து, 1840 முதல் 1858 வரை நான்கு பாகங்களில் கீழ்ரைன் பகுதியின் பட்டயங்களை வெளியிட்டார்.

காப்பகம் எதற்காக இருந்தது?

ஆவணக் காப்பகம் வரலாற்று ஆய்வாளர்களுக்காக உருவானதல்ல. அது ஆட்சியாளரின் சட்டக் கிடங்கு. எந்தக் கிராமம் யாருக்கு, எந்த மடத்துக்கு எவ்வளவு தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு), எந்த நகரத்துக்கு என்ன சலுகை என்பதற்கெல்லாம் அத்தாட்சி அங்கே பூட்டி வைக்கப்பட்டிருந்தது. லிஷ் வேலை பார்த்த இடத்தின் பெயரே 'ரகசிய, தலைமை ஆவணக் காப்பகம்'. எல்லை வழக்கோ வாரிசு வழக்கோ வந்தால் எடுத்துக்காட்ட வேண்டிய ஆயுதத்தை யாரும் ஊரைக் கூட்டிக் காட்டமாட்டார்கள்.

1806-இல் புனித ரோமப் பேரரசு முடிவுக்கு வந்தபின், ஜெர்மனியின் பல பகுதிகளில் பழைய உரிமைகள் செல்லாதவையாகி, பட்டயங்கள் மெல்ல மெல்ல வரலாற்றுச் சான்றுகளாயின. 1819-இல் பேரரசு அளவிலான பழைய ஆவணங்களை அச்சிட ஒரு சங்கம் தோன்றியது. வட்டார அளவிலும் அந்த ஆர்வம் பரவியது. மெக்லென்பர்க்கின் நிலை கொஞ்சம் வேறு. அங்கே நிலப்பிரபுக்களுக்கும் நகரங்களுக்கும் ஆட்சியாளருக்கும் இடையே 1755-இல் ஏற்பட்ட உடன்படிக்கை 1918 வரை நாட்டின் அடிப்படைச் சட்டமாக இருந்தது. பழைய பட்டயங்களுக்கு உயிர் போய்விடவில்லை. மால்ட்ஸான், ஹான், ஓர்ட்ஸன், பேர் போன்ற பிரபுக் குடும்பங்களின் பட்டயங்களை லிஷ் தனித்தனித் தொகுதிகளாக வெளியிட்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 500 ஆண்டுப் பழைய தோல் ஒன்று குடும்பத்தின் பெருமை மட்டுமல்ல, அதன் தகுதிக்கான அத்தாட்சியும்கூட.

காப்பகத்துக்குள் இவ்வளவு பட்டயங்கள் எப்படி வந்தன என்பதற்குக் காரணம் மதச் சீர்திருத்தம். 1549-இல் மெக்லென்பர்க் லூதரன் சமயத்தை ஏற்றது. 1552-இல் டோபரான், டார்குன் போன்ற, சிஸ்டெர்ஷியன் என்ற துறவியர் சபையின் மடங்கள் கலைக்கப்பட்டன. மடத்து நிலங்கள் ஆட்சியாளர் கைக்குப் போனபோது, அந்த நிலங்களுக்கான பட்டயங்களும் கூடவே போயின. ஆகவே இடைக்காலத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி மடங்களும் பிரபுக்களும் காப்பாற்றி வைத்த சொத்துப் பத்திரங்கள் வழியே தெரிவது. சொத்து இல்லாதவர்களைப் பற்றி இந்த ஆவணங்கள் மிகக் குறைவாகவே பேசும். வட்டார வரலாறு படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இது.

பட்டயத்தைக் கையில் எடுத்தால்

13-ஆம் நூற்றாண்டுப் பட்டயம் பதப்படுத்திய விலங்குத் தோலில் எழுதப்பட்ட ஒற்றைத் தாள். அடி ஓரத்தை மேல்நோக்கி மடித்து, அந்த மடிப்பில் கீறல் போட்டு, தோல் பட்டையையோ நூல் கயிற்றையோ கோத்திருப்பார்கள். கயிற்றின் நுனியில் தேன்மெழுகு முத்திரை தொங்கும். மடிப்பு எதற்கு என்றால், கனமான முத்திரை தோலைக் கிழித்துவிடாமலிருக்க. முத்திரை உதிர்ந்துபோன பட்டயங்களில் கீறல் மட்டும் மிஞ்சியிருக்கும். எத்தனை பேர் முத்திரையிட்டார்கள் என்று அந்தக் கீறல்களை வைத்துக் கணக்கிடலாம்.

எழுத்து பெரும்பாலும் லத்தீன். 14-ஆம் நூற்றாண்டில்தான் வட ஜெர்மனியின் மொழியான கீழ்ஜெர்மன் பரவலாக வருகிறது. வாசகம் ஏறத்தாழ ஒரே அமைப்பில் போகும்: இறைவனின் பெயர், கொடுப்பவரின் பெயரும் பட்டமும், வாசிப்பவர்களுக்கு வாழ்த்து, ஏன் எழுதிவைக்க வேண்டும் என்ற பொதுவான முன்னுரை, நடந்தது என்ன, கொடுப்பது எது, முத்திரையிட்ட செய்தி, சாட்சிகள், கடைசியில் இடமும் நாளும். கொடைப் பகுதிதான் முக்கியம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். பழகியவர்கள் முதலில் சாட்சிப் பட்டியலுக்குப் போவார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. மெக்லென்பர்க்கை ஆண்ட குடும்பமே ஸ்லாவியக் குடும்பம். 1160-இல் போரில் இறந்த, ஒபோட்ரைட் என்ற ஸ்லாவிய இனக்குழுவின் தலைவர் நிக்லோட்டின் வழிவந்தவர்கள்தான் 1918 வரை ஆண்டார்கள். நிக்லோட்டின் மகன் பிரிபிஸ்லாவ் 1167-இல் சாக்சனி டியூக் ஹைன்ரிஷோடு சமாதானமாகி நாட்டைத் திரும்பப் பெற்றபின், ஜெர்மானியக் குடியேறிகள் பெருகினார்கள். அந்த மாற்றத்தை நேரில் பார்த்து எழுதியவர்கள் மிகச் சிலர். ஆனால் பட்டயங்களின் சாட்சிப் பட்டியல்களை வரிசையாகப் படித்தால், 13-ஆம் நூற்றாண்டில் ஸ்லாவியப் பெயர்கள் படிப்படியாகக் குறைந்து ஜெர்மானியப் பெயர்கள் ஏறுவது தெரியும். 1230-ஐ ஒட்டிய ராட்ஸபுர்க் தசமபாகப் பதிவேடு இன்னொரு சான்று. ஊர் ஊராக நில அளவுகளைச் சொல்லிவரும் அந்தப் பதிவேடு, சில ஊர்களுக்கு மட்டும் 'ஸ்லாவியர் இருக்கிறார்கள்' என்று குறிப்புப் போட்டுவிட்டு நகர்கிறது. வரி வாங்குவதற்காக எழுதிய இரண்டு சொற்களிலிருந்து, எந்த ஊரில் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு வரைபடமே போட முடிகிறது. இந்தப் பதிவேடும் பட்டயத் தொகுதியின் முதல் பாகத்தில் இருக்கிறது.

அச்சுக்குப் போகும்முன்

ஒரு பட்டயத்தை அச்சிடுவது என்றால் பார்த்து எழுதி அச்சகத்துக்கு அனுப்புவது மட்டும் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் பல கட்ட வேலை உண்டு.

முதலில், மூலம் இருக்கிறதா என்று தேட வேண்டும். மூலம் தொலைந்து, மடத்துத் துறவி பின்னாளில் ஏட்டில் எழுதிவைத்த நகல் மட்டும் இருக்கலாம். அந்த நகல் ஏட்டில் சாட்சிகளின் பெயரை 'முதலியோர்' என்று சுருக்கியிருப்பார்கள். ஊர்ப் பெயரைத் தங்கள் காலத்து எழுத்துக்கு மாற்றியிருப்பார்கள். நகல்கள் இரண்டோ மூன்றோ இருந்தால் எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று கண்டுபிடித்து, மூலத்துக்கு அருகில் இருப்பதை எடுத்துக்கொண்டு, மற்றவற்றின் வேறுபாடுகளைக் கீழே குறிக்க வேண்டும்.

அடுத்து எழுத்துப்பெயர்ப்பு. தோல் விலை அதிகம் என்பதால் எழுத்தர்கள் சொற்களைச் சுருக்கினார்கள். 'ஆண்டவர்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் முதல், நடு, கடை எழுத்துகள் மூன்றை மட்டும் எழுதி மேலே ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டைத் தப்பாக விரித்தால் வேற்றுமை மாறும், பொருளும் மாறும். ஊர்ப் பெயர்களில் ஆபத்து இன்னும் அதிகம். அந்தக் கையெழுத்தில் சில எழுத்துகளுக்கு இடையே வேறுபாடே தெரியாது. வெறும் குத்துக்கோடுகளின் வரிசையாக இருக்கும். ஒரு கோட்டைக் கூட்டியோ குறைத்தோ படித்தால் இல்லாத ஒரு ஊர் பிறந்துவிடும்.

அதன்பின் தேதி. வேலை நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். இடைக்காலத்தவர்கள் 'செப்டம்பர் 29' என்று எழுதமாட்டார்கள்; 'புனித மிக்கேல் திருநாள்' என்றோ, 'மிக்கேல் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு' என்றோ எழுதுவார்கள். மிக்கேல் திருநாள் செப்டம்பர் 29. 1300-ஆம் ஆண்டில் அது வியாழக்கிழமை. ஆக அடுத்த ஞாயிறு அக்டோபர் 2. அடுத்த ஆண்டு 1301-இல் செப்டம்பர் 29 வெள்ளிக்கிழமை; அடுத்த ஞாயிறு அக்டோபர் 1. ஆண்டு சரியாகத் தெரியாமல் நாளைச் சொல்ல முடியாது. ஈஸ்டரை வைத்துக் குறித்த நாள்களாக இருந்தால், அந்த ஆண்டின் ஈஸ்டர் எப்போது என்று முதலில் பார்க்க வேண்டும். 1300-இல் அது ஏப்ரல் 10.

ஆண்டிலேயே ஒரு கண்ணி உண்டு. பல ஜெர்மானியப் பகுதிகளில் புத்தாண்டு டிசம்பர் 25-இல் தொடங்கியது. '1300, மாசற்ற குழந்தைகள் திருநாள்' என்று ஒரு பட்டயம் சொன்னால், அந்தத் திருநாள் டிசம்பர் 28 என்பதால், நம் கணக்கில் அது 1299 டிசம்பர் 28. இதைக் கவனிக்காமல் அச்சிட்டால் பட்டயம் ஓர் ஆண்டு தள்ளிப்போய் உட்காரும். அதற்குள் இறந்துபோன ஒருவர் சாட்சி சொன்னதாகவும் ஆகிவிடும்.

சரிபார்க்க உதவுவது இண்டிக்ஷன் என்ற 15 ஆண்டுச் சுழற்சி எண். ஆண்டோடு 3 கூட்டி 15-ஆல் வகுத்தால் மீதி வருவதே அந்த எண்; மீதி 0 என்றால் 15. 1300-க்கு 1303-ஐ வகுத்தால் மீதி 13. பட்டயத்தில் ஆண்டு 1300 என்றும் இண்டிக்ஷன் 12 என்றும் இருந்தால் எங்கோ இடிக்கிறது. எழுத்தர் தவறியிருக்கலாம், ஆண்டுத் தொடக்கம் வேறாக இருக்கலாம், அல்லது பட்டயமே போலியாக இருக்கலாம். மடங்களும் ஆயர் (பிஷப்) இல்லங்களும் இழந்த பட்டயத்துக்குப் பதிலாகவோ, இல்லாத உரிமைக்காகவோ போலிகள் தயாரித்தது இடைக்காலத்தில் சாதாரணம். இந்தத் தேதிக் கணக்கையெல்லாம் ஒரே கைநூலில் தொகுத்து உலகெங்கும் பயன்படும்படி செய்த ஹெர்மான் க்ரோட்டஃபெண்ட், லிஷுக்குப் பின் இதே ஷ்வெரின் காப்பகத்தின் தலைமைக்கு வந்தவர்.

தேதியே இல்லாத பட்டயங்களுக்குச் சாட்சிகள்தான் துணை. குறிப்பிட்ட ஆயர் பதவியேற்ற ஆண்டு, குறிப்பிட்ட வீரர் வேறொரு பட்டயத்தில் 'மறைந்த' என்று வரும் ஆண்டு, இவற்றுக்கு இடையில் அடைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவும் முடிந்தபின் பட்டயத்தின் தலைப்பில் இரண்டு மூன்று வரியில் சுருக்கம் எழுதுவார்கள்: யார், யாருக்கு, எதை, எப்போது, எங்கே. வாசகத்துக்குக் கீழே மூலம் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது, முத்திரை எந்த நிலையில் இருக்கிறது, முன்பு எங்கே அச்சாகியிருக்கிறது என்ற குறிப்புகள். இறுதியில் ஆள்பெயர், ஊர்ப்பெயர், சொல் அகராதிகள். மெக்லென்பர்க் தொகுதியின் முதல் நான்கு பாகங்கள் 1300 வரை போகின்றன; அவற்றுக்கான பெயர் அகராதி நான்காம் பாகத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால், தொகுதியில் அதிகம் புரட்டப்பட்ட பக்கங்கள் அவையாகத்தான் இருக்க வேண்டும். அகராதி இல்லாத பட்டயத் தொகுதியில் ஒரு கிராமத்தைத் தேடுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல.

லிஷ் தனியாளாக இதைச் செய்யவில்லை. 1837 முதல் 1841 வரை அவர் டார்குன், நாய்க்ளோஸ்டர் மடங்களின் பட்டயங்களையும் ஷ்வெரின் ஆயர் தொகுதியின் பட்டயங்களையும் மூன்று சிறு நூல்களாக வெளியிட்டிருந்தார். அது ஒத்திகை மாதிரி. பெரிய தொகுதி வந்தபோது வெளியிட்டது அவர் தொடங்கிய சங்கம். பட்டயங்களைச் சீர்செய்ததில் ஃப்ரீட்ரிஷ் விகர் என்ற இளைய ஆவணக் காப்பாளருக்குப் பெரும் பங்கு உண்டு. சங்கமும் காப்பகமும் கைகோத்ததால்தான் தொடங்கியவர்கள் மறைந்த பின்னும் வேலை தொடர்ந்தது.

மண்ணுக்கு அடியில் இருந்த ஆவணங்கள்

எழுத்து தொடங்கும்முன் இருந்த காலத்துக்குப் பட்டயம் கிடையாது. மெக்லென்பர்க் என்ற பெயரே முதலில் வருவது 995 செப்டம்பர் 10 அன்று பேரரசர் மூன்றாம் ஓட்டோ கொடுத்த பட்டயத்தில்தான். எழுத்தே எட்டாத காலத்துக்குக் கல்லறைகள்தான் சான்று. லுட்விக்ஸ்லுஸ்ட் அரண்மனையில் கிராண்ட் டியூக் முதலாம் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரான்ஸ் சேர்த்து வைத்திருந்த தொல்பொருள்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் லிஷிடம் வந்தது. 1837-இல் அந்தச் சேகரிப்புக்கு விளக்க நூல் வெளியிட்டார்.

அதில் அவர் பின்பற்றியது கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்ற மூன்று பகுப்பு. அதற்கு முந்தைய ஆண்டுதான் கோப்பன்ஹேகனில் கிறிஸ்டியான் தோம்ஸன் இதே பகுப்பை அச்சில் சொல்லியிருந்தார். ஸால்ஸ்வேடலில் யோஹான் டன்னைல் என்ற பள்ளித் தலைமையாசிரியரும் தம் அகழாய்வுகளிலிருந்து அதே முடிவுக்கு வந்திருந்தார். யார் முதலில் என்று பிற்காலத்தில் பெரிய சர்ச்சையே நடந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, லிஷ் இந்த முடிவுக்கு வந்த வழி. அவர் கல்லறை வகைகளிலிருந்து தொடங்கினார். பெரும்பாறைகளால் ஆன கல்லறைகளில் தீக்கல் கருவிகள், உலோகம் இல்லை. கூம்பு வடிவ மண்மேடுகளில் வெண்கலமும் பொன்னும். மேடு இல்லாத தாழிக் காடுகளில், அதாவது சாம்பல் தாழிகளைப் புதைத்த இடுகாடுகளில், இரும்பு. ஒரு கல்லறையில் ஒன்றாகப் புதைந்தவை ஒரே காலத்தவை என்பதால், பொருள்களைத் தனித்தனியாக அடுக்குவதைவிட இது பலமான வழி.

1843-இல் ஷ்வெரினுக்கு அருகே பெக்காட்டல் என்ற ஊரில் ஒரு மேட்டைத் தோண்டியபோது வெண்கலக் கொப்பரை ஒன்று கிடைத்தது. நான்கு சக்கரம் வைத்த சிறு வண்டியின்மேல் அமர்ந்த கொப்பரை. லிஷ் அதைப் பற்றி ஆண்டு மலரில் எழுதினார். எந்த ஊர், எந்த மேடு, கூடவே கிடைத்தது எது என்ற விவரங்களைப் பட்டயத்தின் மூல விவரங்களைப் போலவே அச்சில் ஏற்றினார்.

எங்கே சறுக்கினார்?

கல்லறை வகைகளுக்கு அவர் இனப்பெயரும் கொடுத்தார். வெண்கலக் கூம்பு மேடுகள் ஜெர்மானியருடையவை. இரும்புத் தாழிக் காடுகள் ஸ்லாவியருடையவை. ஊர் மக்களும் அந்தத் தாழிக் காடுகளை 'வெண்டியர் இடுகாடு' என்றே அழைத்தார்கள். வெண்டியர் என்றால் ஸ்லாவியர். இது பின்னர் தவறு என்று தெரியவந்தது. அந்தத் தாழிகள் ஸ்லாவியர் அங்கே வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. இடைக்கால ஜெர்மானியக் குடியேற்றத்துக்கு முன் எழுத்தில் கிடைத்த கடைசி மாற்றம் 'ஜெர்மானியர் போய் ஸ்லாவியர் வந்தார்கள்' என்பது. பொருள்களில் தெரிந்த கடைசி மாற்றம் 'வெண்கலம் போய் இரும்பு வந்தது' என்பது. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் பிழை. புதியவர்கள் இன்றும் விழுகிற குழி இது: எழுத்துச் சான்று சொல்லும் நிகழ்வை, பக்கத்தில் கிடைத்த பொருளின்மேல் ஒட்டிவிடுவது.

இன்னொரு சறுக்கல் விஸ்மார் நகரில். 1854-இல் சுவிட்சர்லாந்து ஏரிகளில் மரத்தூண்கள்மேல் கட்டிய பழங்காலக் குடியிருப்புகள் வெளிப்பட்டதும், ஐரோப்பா முழுக்க அவற்றைத் தேடினார்கள். 1860-களில் விஸ்மாரில் அப்படி ஒன்று கிடைத்ததாக லிஷ் நம்பி எழுதினார். தோண்டியவர் கொண்டுவந்து கொடுத்தவற்றில் போலிகள் கலந்திருந்தது பிறகு தெரியவந்தது. பட்டயத்தில் போலியைச் சந்தேகிக்கப் பழகிய கண், காசுக்குக் கருவி கொண்டுவரும் ஆளிடம் அதே சந்தேகத்தைக் காட்டவில்லை. பொருள் மண்ணில் இருக்கும்போதே ஆய்வாளர் பார்த்தாக வேண்டும் என்ற விதி ஏன் இவ்வளவு கறாராகப் பின்பற்றப்படுகிறது என்பதற்கு இது தக்க உதாரணம்.

காப்பகத்தை அடுக்கும் முறையிலும் அந்தத் தலைமுறைக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த அலுவலகத்திலிருந்து வந்தாலும் சரி, ஆவணங்களைக் கலைத்து, 'எல்லைகள்', 'திருமணங்கள்', 'மடங்கள்' என்று பொருள்வாரியாகச் சேர்ப்பார்கள். அன்றைய கேள்விக்கு அது வசதி. ஆனால் கலைத்தபின், இந்தக் கடிதத்தை எந்த அலுவலகம் எந்தக் கடிதத்துக்குப் பதிலாக எழுதியது என்று கண்டுபிடிப்பது கடினம். 1881-இல் பெர்லினில் பிரஷ்ய அரசின் ரகசிய ஆவணக் காப்பகம், ஆவணம் எந்த அலுவலகத்தில் பிறந்ததோ அந்த வரிசையிலேயே வைக்க வேண்டும் என்று விதி செய்தது. இன்று உலகக் காப்பகங்கள் பெரும்பாலும் பின்பற்றுவது அந்த முறையைத்தான்.

இப்போது பயன்படுத்த வேண்டுமானால்

ஷ்வெரின் காப்பகம் 1911 முதல் தனிக் கட்டடத்தில் இயங்குகிறது. சங்கத்தின் ஆண்டு மலர்கள் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. பட்டயத் தொகுதியைச் சுட்டும்போது பாக எண்ணையும் பட்டய எண்ணையும் கொடுப்பது வழக்கம். மேலே சொன்ன தசமபாகப் பதிவேடு முதல் பாகம், எண் 375. ஊரைத் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை நம்பக்கூடாது, ஒரே ஊர் பல வடிவங்களில் வரும். 'ஓவ்', 'இட்ஸ்', 'இன்' என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஸ்லாவிய மூலம் கொண்டவை, ஆகவே லத்தீன் எழுத்தர்கள் அவற்றைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவது பெரிய ஆபத்து, ஏனென்றால் சுருக்கம் தொகுத்தவரின் புரிதல், வாசகம்தான் சான்று. தேதி முடிவைப் பாதிக்கும் என்றால், அச்சிட்ட தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பட்டயத்தின் கடைசி வரியிலுள்ள திருநாளையும் ஆண்டையும் வைத்து நாமே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பட்டயத்தின் சொந்தத் தேதி வரி அங்கேயே லத்தீனில் அச்சாகியிருப்பதால் அந்தக் கணக்குக்கு ஷ்வெரின் போக வேண்டியதில்லை.